குத்தத் தெரிந்தால் போதுமா?

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காலையில் நடந்தால் சுக்கும் மிளகும் மூக்கில் ஏறும். பாண்டிகசாலை என்று இங்கே சொல்கிற கிட்டங்கிகளுக்கும் லாரிகளுக்கும் இடையே மூட்டைகள் மாறிக்கொண்டே இருக்கும். தோர்த்துத் துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, அதன்மேல் ஐம்பது கிலோ சாக்கை ஏற்றிக்கொண்டு ஒருவர் தாழ்வான வாசலுக்குள் நுழைகிறார். கழுத்து குனியவில்லை, முழங்கால் மட்டும் மடங்குகிறது. அந்த நொடியில் அவருடைய கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே தசைகள் புடைத்து நிற்பதைப் பார்த்தால், அன்று மாலை அவர் எந்த இடத்தில் கை வைத்துத் தேய்த்துக்கொள்வார் என்று பிசியோதெரபிஸ்டான எனக்குத் தெரிந்துவிடும்.

அங்கிருந்து சற்று தூரத்தில், ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற பகுதியில் இருக்கிறது தோபிகானா. டச்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டில் தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தமிழ் பேசிக்கொண்டு துவைக்கிறார்கள். இப்போதுள்ள துவைதுறை 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தது. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கி, அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகி உலர்த்துவது அவர்கள் வழக்கம், கிளிப் தேவையில்லை. ஒவ்வொரு துணிக்கும் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போகவேண்டும். பிறகு இஸ்திரி. நாற்பது ஆண்டுகளாக அந்தப் பெட்டியைத் தள்ளிய ஒரு பெரியவர் என்னிடம் வலது தோளைத் தொட்டுக் காட்டி, "தம்பி, இங்க ஞரம்பு கட்டிக்கிச்சு. விரல் வரைக்கும் இழுக்குது" என்றார்.

நம் பேச்சில் நரம்பு என்ற ஒரே சொல் ரத்தக்குழாய்க்கும் தசைநாணுக்கும் உண்மையான நரம்புக்கும் பொதுவாக ஓடுகிறது. மலையாளத்து ஞரம்பும் அப்படியே. நரம்பு சுருட்டிக்கொண்டது, நரம்பு ஏறிக்கொண்டது, நரம்பு புரண்டுவிட்டது என்றெல்லாம் சொல்கிறோம். வலிக்கிறவருக்கு அது போதும். ஆனால் அந்த வலியைத் தீர்க்க ஊசியைக் கையில் எடுப்பவர், வலி கழுத்தெலும்பருகே நசுங்கிய நரம்பிலிருந்து வருகிறதா, தோளில் இறுகிப்போன தசையிலிருந்து வருகிறதா என்று பிரித்தறியத் தெரிந்தவராக இருக்கவேண்டும். இந்தியா முழுவதும் 'டிரை நீட்லிங்' என்ற பெயரில் பரவிவரும் உலர் ஊசி சிகிச்சையைப் பற்றி நான் எழுத நினைத்ததே, இந்தப் பிரித்தறிதலைக் கற்றுத்தராமல் ஊசியை மட்டும் கையில் கொடுக்கிறோம் என்ற கவலையால்தான்.

முதலில் அந்த ஊசியைப் பற்றி. மருத்துவமனையில் மருந்து செலுத்தும் சிரிஞ்சின் ஊசி உள்ளே துளையுள்ளது. இதற்குத் துளை கிடையாது, மருந்தும் கிடையாது. அதனால்தான் 'உலர்' ஊசி. கால் மில்லிமீட்டர், மிஞ்சினால் 0.30 மில்லிமீட்டர் தடிமன். தசைக்குள் கயிறுபோல் இறுகிய ஒரு பட்டையில், அழுத்தினால் வலி வேறோர் இடத்துக்குப் பாயும் முடிச்சைத் தேடி அதில் இறக்குவார்கள். முனை சரியான இடத்தைத் தொட்டால் அந்தப் பட்டை, தூண்டிலில் மீன் கடித்ததுபோல், ஒருமுறை வெட்டி இழுக்கும். பல நோயாளிகள் அந்த நொடியில், "இதுதான், இதே வலிதான்" என்பார்கள்.

வலி ஓரிடத்தில் பிறந்து வேறோர் இடத்தில் தெரியும் என்பதை லண்டனில் ஜான் கெல்கிரென் 1938-இல் சோதனைமுறையில் காட்டினார். தசைகளுக்குள் உப்புநீரைச் செலுத்தி, வலி எங்கெங்கே போகிறது என்று வரைந்தார். அமெரிக்காவில் ஜேனட் டிராவெல் அந்த வரைபடத்தை உடல் முழுமைக்கும் விரித்தார். அதிபர் கென்னடியின் முதுகுவலியைக் கவனித்தவர் அவர். அமெரிக்க அதிபருக்குத் தனி மருத்துவரான முதல் பெண்மணி. டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய தசைமுடிச்சுக் கையேட்டின் முதல் தொகுதி 1983-இல் வெளிவந்தது. அவர்கள் முடிச்சுக்குள் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்தினார்கள். குணம் தருவது மருந்தா, ஊசியா என்ற கேள்வியைச் செக் நாட்டு மருத்துவர் கரெல் லெவிட் 1979-இல் எடுத்தார். 241 நோயாளிகளின் 312 வலியிடங்களில் மருந்தில்லாமல் ஊசியை மட்டும் செலுத்தியபோது, 86.8 சதவீத இடங்களில் வலி உடனே அடங்கியதாகப் பதிவுசெய்தார்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் இவர்களில் யாருமில்லை. மலேசியாவிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய சான் கன் என்ற மருத்துவர். வான்கூவரில், வேலையில் அடிபட்ட தொழிலாளர்களுக்கான இழப்பீட்டு வாரியத்தின் மருத்துவமனையில் பணிபுரிந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஆனால் முதுகு நிமிரவில்லை என்று வந்து நின்ற மரம் வெட்டுபவர்களையும் சுமை தூக்குபவர்களையும் 'நடிக்கிறார்கள்' என்று அனுப்பிவிட அவர் மறுத்தார். தசை இறுகியிருப்பதற்குப் பின்னால், முதுகெலும்பை விட்டு வெளியேறும் இடத்தில் எரிச்சலுற்ற நரம்பு இருக்கிறது என்பது அவர் கட்சி. ஆகவே வலிக்கும் இடத்தில் ஊசி போடுமுன் அந்த நரம்பின் வேரைச் சோதிக்கச் சொன்னார். நாள்பட்ட இடுப்புவலி கொண்ட 56 தொழிலாளர்களிடம் செய்த ஒப்பீட்டு ஆய்வை அவர் 1980-இல் வெளியிட்டார். மட்டாஞ்சேரியில் நின்று யோசிக்கும்போது இந்தச் சிகிச்சை சொந்த வீட்டுக்கு வந்ததுபோலத் தோன்றுவது அவரால்தான்.

இதன் பலனை ஊதிச் சொல்லும் விளம்பரங்களை நான் ஏற்கவில்லை. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2017-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஒன்று, பிசியோதெரபிஸ்ட் செய்யும் உலர் ஊசி சிகிச்சையால் உடனடியாகவும் 12 வாரம் வரையிலும் வலி குறைகிறது என்றும், அதற்கான சான்றின் தரம் மிகக் குறைவிலிருந்து நடுத்தரம் வரைதான் என்றும் சொன்னது. முடிச்சு என்ற ஒன்று தனியாக இருக்கிறதா என்றே கேட்கும் ஆஸ்திரேலிய வலி மருத்துவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் ஊசி ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. வலி தணிந்திருக்கும் அந்தச் சில நாட்களுக்குள் தசையை நீட்டவும் வலுப்படுத்தவும் பயிற்சி கொடுத்தால் குணம் நிற்கும். கொடுக்காவிட்டால் மூன்றாவது வாரம் அதே ஆள், அதே தோள். இருந்தாலும் மாதக்கணக்கில் மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்கி இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்ளும் ஒரு சுமட்டுத் தொழிலாளிக்கு, இது உண்மையான மாற்று.

சிகிச்சை நல்லதாக இருக்கட்டும். அதை நாங்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறோம்?

நான் கற்றதைச் சொல்கிறேன். ஒரு பெருநகரத்து விடுதி அரங்கம். சனி, ஞாயிறு இரண்டு நாள். நாற்பது பேருக்கு ஒரு பயிற்றுநர், இரண்டு உதவியாளர்கள். முதல் நாள் மதியம் வரை படக்காட்சி. அதன்பின் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுப் பழக்கம். இரண்டாம் நாள், தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடைப்பட்ட தசை வந்தது. என் ஜோடியாக அமைந்த சக மாணவி மிக ஒல்லியானவர். உதவியாளர் நான்கு படுக்கை தள்ளி வேறு யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் போட்டேன். அன்றிரவு பேருந்தில் அவர், மூச்சை இழுத்தால் நெஞ்சில் பிடிக்கிறது என்றார். நடுவழியில் இறங்கி ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் நுரையீரல் பத்திரமாக இருந்தது, வெறும் தசைவலி. ஆனால் பணியிலிருந்த மருத்துவர் என்னிடம், "எவ்வளவு ஆழம் போயிற்று?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில் என் பைக்குள் என் பெயர் அச்சிட்ட சான்றிதழ் இருந்தது. அதில் 'அட்வான்ஸ்டு' என்ற சொல்லும் இருந்தது.

அன்று முதல் நுரையீரலின் நுனி என் நினைவைவிட்டுப் போனதில்லை. அது காறையெலும்புக்கு மேலே இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வரை எழும்பி நிற்கிறது. சுமை தூக்குபவருக்கு எப்போதும் இறுகும் தோள்மேல் தசைக்கு நேர் கீழே அது இருக்கிறது. நாம் போடும் ஊசியின் நீளம் நான்கு, ஐந்து சென்டிமீட்டர். அதனால்தான் நல்ல ஆசிரியர், தசையை இரண்டு விரல்களால் கிள்ளித் தூக்கிப் பிடித்து, ஊசி ஒரு விரலிலிருந்து மறு விரலை நோக்கி மட்டும் போகும்படி கையைத் திருத்துவார். விலாப் பகுதியில், எலும்புக்கு மேலும் கீழும் உள்ள இடைவெளிகளை விரல்களால் அடைத்துக்கொண்டு எலும்பின் மேலேயே ஊசியை இறக்கச் சொல்வார். இதைப் படத்தில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரியும். பருமனான உடலிலும் ஒல்லியான உடலிலும், முதியவரிடமும் இளைஞரிடமும் கை அதைக் கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும், பக்கத்தில் ஒருவர் நின்று கவனித்தால்.

மார்பறைக்குள் காற்று கசிந்து நுரையீரல் சுருங்குவது அரிது. ஆனால் நடக்கிறது. அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் டோரின் யேட்டர்-வாலஸுக்கு 2013-இன் இறுதியில், சோச்சி ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருந்தபோது, உலர் ஊசி சிகிச்சைக்குப் பின் நுரையீரல் சுருங்கியது. அயர்லாந்தில் 39 பிசியோதெரபிஸ்டுகள் செய்த 7,629 சிகிச்சைகளைப் பதிவுசெய்த 2014 ஆய்வில் கன்றிப்போதல், ரத்தக்கசிவு, வலி போன்ற சிறு தொல்லைகள் ஏறக்குறைய 19 சதவீதம். பெரிய விபத்து ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவில் 420 பேர் செய்த 20,494 சிகிச்சைகளைத் தொகுத்த 2020 ஆய்வில் பெரிய பாதிப்புகள் 20, ஆயிரத்துக்கு ஒன்று. இரண்டுமே தாங்களாக முன்வந்து குறிப்பேடு எழுதியவர்களின் கணக்கு. தவறை எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர்களிடமே இப்படியென்றால், எழுதிவைக்கக் குறிப்பேடே இல்லாத இடத்தில் நடப்பதை யார் எண்ணுவது?

ஊசி நுரையீரலைத் தொடுவதைவிட எனக்குக் கூடுதல் அச்சம் தருவது, ஊசி தேவையே இல்லாத வலிக்கு அதைப் போடுவது. தோபிகானா பெரியவருக்கு வருகிறேன். தோள்பட்டை எலும்பின் பின்புறம் படர்ந்திருக்கும் ஒரு தசை இறுகினால் வலி தோளின் முன்பக்கம் தெரிந்து, கை வழியாக இறங்கும். கழுத்தில் நரம்பு நசுங்கினாலும் அப்படியே இறங்கும். முதலாவதில் ஊசி உதவும். இரண்டாவதில் கட்டைவிரல் மரத்திருக்கும், கையின் பலம் குறைந்திருக்கும், சுத்தியலால் தட்டினால் துள்ளவேண்டிய தசை சோம்பிக் கிடக்கும்; அங்கே வெறும் தோளில் குத்திக்கொண்டிருந்தால் காலம் வீணாகி நரம்பு மேலும் கெடும். மூன்றாவது ஒன்றும் உண்டு. முப்பது ஆண்டு பீடி குடித்த ஒருவருக்குத் தோள்வலி, சுண்டுவிரல்வரை இழுப்பு, இரவில் தூக்கமில்லை என்றால், நுரையீரலின் அதே நுனியில் ஒரு புற்றுக்கட்டி அமர்ந்து நரம்புப் பின்னலை அழுத்திக்கொண்டிருக்கலாம். இடது தோளும் தாடையும் சேர்ந்து வலித்து வியர்த்தால் அது இதயமாக இருக்கலாம். உணர்ச்சியற்ற தேமலும், முழங்கையில் கயிறுபோல் தடித்த நரம்பும் சேர்ந்திருந்தால் தொழுநோயை நினைக்கவேண்டும். சர்க்கரை நோயாளியின் பாத எரிச்சலுக்குக் கெண்டைக்காலில் ஊசி போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரிடம் அதைக் கேட்டறியாமல் ஊசியைப் பிரிக்கவே கூடாது.

உயர்நிலைப் பயிற்சி என்ற சொல்லுக்கு என் அகராதியில் இதுதான் பொருள். இப்போது அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் இன்னும் ஆழமான தசை, இன்னும் நீளமான ஊசி, ஊசியோடு மின்தூண்டல். தென் தமிழகத்திலும் கேரளத்திலும் வர்மம் கற்றுத்தந்த ஆசான்கள் இந்த வரிசையை வேறுவிதமாக வைத்திருந்தார்கள். தட்டும் புள்ளியைக் காட்டுவதற்கு முன், தட்டுப்பட்டவரை எழுப்பும் அடங்கலையும் இளக்குமுறையையும் மாணவன் பழகவேண்டும். ஆண்டுக்கணக்கில் கூட இருந்து அவன் குணத்தையும் கையையும் ஆசான் அறியவேண்டும். அந்த மருத்துவத்தின் கோட்பாடு வேறு, எங்களுடையது வேறு. ஆனால் கற்பிக்கும் ஒழுங்கில் அவர்கள் எங்களைவிடக் கண்டிப்பானவர்கள் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அமெரிக்காவில் இந்த ஊசி நீதிமன்றம் வரை போனது. அக்குபங்சர் நிபுணர்கள், இது எங்கள் முறைதான், பெயரை மாற்றிக்கொண்டு குறுக்கு வழியில் நுழைகிறார்கள் என்றார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நீதிமன்றம் 2014-இல் பிசியோதெரபிஸ்டுகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வட கரோலினா உச்ச நீதிமன்றம் 2018-இல் அவர்களுக்கு ஆதரவாக. கலிபோர்னியாவில் அவர்களுக்கு அனுமதியில்லை. இந்தச் சண்டையால் விளைந்த ஒரு நன்மை, என்னதான் தெரிந்திருக்கவேண்டும் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. அந்நாட்டுப் பிசியோதெரபி உரிம வாரியங்களின் கூட்டமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வு, தேவையான அறிவில் 86 சதவீதம் பட்டப்படிப்பிலேயே கிடைத்துவிடுகிறது என்றது. எஞ்சிய 14 சதவீதம் என்ன? பெரும்பாலும் ஊசியைக் கையாளும் நுட்பம், அதன் பாதுகாப்பு. மிஞ்சியிருக்கும் அந்தச் சிறு பங்கில்தான் நுரையீரல் இருக்கிறது.

நம்மிடம் அப்படியோர் எண்ணிக்கை நடக்கவில்லை. அக்குபங்சரை மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் தனிச் சிகிச்சைமுறையாக அங்கீகரித்தது. பிசியோதெரபி உள்ளிட்ட துறைகளுக்கென 2021-இல் தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டு காத்திருந்தவன் நான். ஆனால் 2025 செப்டம்பரில் நாங்கள் எல்லோரும் எதைப் பற்றிப் பேசினோம்? பிசியோதெரபிஸ்ட் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா என்பதை. சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் 9-ஆம் தேதி கூடாது என்று கடிதம் எழுதியது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. சங்கங்கள் கொதித்தன, தொலைக்காட்சிகள் விவாதித்தன. பெயருக்கு முன்னால் வரும் இரண்டெழுத்துக்குக் காட்டிய வேகத்தில் பாதியையாவது, கையிலுள்ள ஊசிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு என் துறையினர் காட்டியிருக்கலாம் என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

கேரளம் இதில் வழிகாட்ட முடியும் என்று நம்புகிறேன், காரணத்தோடு. வலியைப் பொதுச் சுகாதாரத்தின் பொறுப்பாக இந்தியாவில் முதலில் எடுத்துக்கொண்ட மாநிலம் இது. 1993-இல் கோழிக்கோட்டில் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிதணிப்பு மருத்துவம், 2008-இல் மாநில அரசின் கொள்கையானது. மார்ஃபின் என்றாலே பயந்த காலத்தில், அதை யார் கையாளலாம், என்ன பயிற்சி, யார் மேற்பார்வை என்று எழுதிவைத்துச் செவிலியரையும் தன்னார்வலர்களையும் பழக்கினார்கள். பயிற்சியை ஒழுங்காக்கியதால்தான் அந்த இயக்கம் ஊர் ஊராகப் பரவ முடிந்தது. ஊசிக்கும் அதே பாதை திறந்திருக்கிறது. விடுதி அரங்கிலிருந்து பயிற்சியை மருத்துவக் கல்லூரிக்கு மாற்றுங்கள். உடற்கூறியல் கூடத்தில் தோள்தசைக்கும் நுரையீரல் நுனிக்கும் உள்ள தூரத்தை மாணவர் தன் கண்ணால் பார்க்கட்டும். சான்றிதழைப் பயிற்சி நடத்துபவரே தராமல், சுகாதாரப் பல்கலைக்கழகம் தேர்வு வைத்துத் தரட்டும். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, உண்மையான நோயாளிகளிடம் குறிப்பிட்ட எண்ணிக்கை முடித்தபின் மட்டுமே தனியாகச் செய்யலாம் என்றாகட்டும். கழுத்து, மார்பு, விலா ஆகிய இடங்களைக் கடைசியாக வையுங்கள். மும்பையில் ஆஷிர்வாத் வலி சிகிச்சை நிலையத்தின் டாக்டர் லக்ஷ்மி வாஸ் அல்ட்ராசவுண்டு திரையைப் பார்த்தபடி உலர் ஊசி செலுத்தும் முறையை வளர்த்து, அதைப் பற்றி எழுதியும் வருகிறார். எல்லாச் சிகிச்சைக்கும் திரை வேண்டாம். கற்கிற காலத்தில் ஊசி முனை எங்கே நிற்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்த கை, பிறகு கண்ணை மூடினாலும் அந்த ஆழத்தை மறக்காது.

பயன்படுத்திய ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவக் கழிவு விதிகள் 2016-இன்படி அது குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போகவேண்டும். குப்பைக்கூடையில் போட்டால் மறுநாள் காலை அது குத்துவது துப்புரவுப் பணியாளரின் கையை.

இந்தப் பயிற்சிகளில் ஒன்று கருவேலிப்படி தாலுகா மருத்துவமனையில், மட்டாஞ்சேரிக்காரர்கள் நடந்துவரும் தூரத்தில் நடக்கவேண்டும் என்பது என் ஆசை. தனியார் மருத்துவமனையில் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளும் கட்டணம், மூட்டை தூக்குபவருக்குப் பாதி நாள் கூலியைத் தின்றுவிடும். இந்த ஊருக்கு அப்படிக் கேட்கும் உரிமை உண்டு. ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் வேலை கிடைக்க, கங்காணி கூட்டத்துக்குள் வீசியெறியும் 'சாப்ப' என்ற உலோக வில்லையைப் பாய்ந்து, உருண்டு, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்கவேண்டும். அந்த முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது; சைதும் சைதலவியும் ஆண்டனியும் உயிரிழந்தார்கள். உடம்பை மட்டுமே முதலாகக் கொண்டவர்கள் அந்த உடம்புக்கு மரியாதை கேட்ட இடம் இது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே வயதுவந்த ஓர் ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஊசியைவிட அந்த வரம்பைக் காப்பது தோளுக்கு நல்லது என்பதையும் பிசியோதெரபிஸ்டாகச் சொல்லிவைக்கிறேன்.

தோபிகானா பெரியவரைச் சோதித்தேன். விரல்களில் மரப்பு இல்லை, பிடியில் பலம் இருந்தது, கழுத்தைச் சாய்த்து அழுத்தியபோது கைக்கு வலி இறங்கவில்லை. எலும்பின் பின்பக்கத் தசையில் விரலை ஊன்றியதும் தோளின் முன்புறத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆ, அங்கதான்" என்றார். சர்க்கரை உண்டு, கட்டுக்குள். ரத்தம் உறையாத மாத்திரை இல்லை. பீடி குடித்ததில்லை. ஊசி போடலாம், போட்டால் ஒரு நாள், இரண்டு நாள் அடித்துப்போட்டதுபோல் வலிக்கும், அதற்குள் பெட்டியைத் தொடக் கூடாது, பிறகு தினமும் செய்ய இரண்டு பயிற்சி சொல்லித்தருகிறேன் என்றேன். அவர் அடுக்கிவைத்திருந்த ஓட்டல் விரிப்புகளைத் திரும்பிப் பார்த்தார். நாளை மறுநாள் கொடுக்கவேண்டியவை.

"சனிக்கிழமை சாயங்காலம் வரட்டுமா தம்பி? ஞாயித்துக்கிழமை பெட்டி சூடாக்கறதில்ல."